நடு ஆட்டக்காரரை நிறுத்திக்கொள்வதா, விட்டுவிடுவதா?

'காண்ட்ராக்ட்' என்ற சொல்லுக்கு நம் ஊர்ப் பக்கத்தில் விளக்கம் தேவையில்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலோ, திருவள்ளூரைச் சுற்றியுள்ள தொழிற்சாலைகளிலோ ஒருவருக்கு வேலை கிடைத்துவிட்டது என்றால், அடுத்த வீட்டார் கேட்கும் முதற்கேள்வி, "பெர்மனென்டா, காண்ட்ராக்டா?" என்பதுதான். பெர்மனென்ட் என்றால் வீட்டில் நிம்மதி. காண்ட்ராக்ட் என்றால், 'நாளையிலிருந்து வரவேண்டாம்' என்று எப்போது சொல்வார்களோ என்ற கவலை. ஆனால் அமெரிக்கக் கூடைப்பந்து அணிகளில் இதே சொல்லுக்குப் பொருள் ஏறக்குறைய தலைகீழாக இருக்கிறது. அங்கே ஒருவர் நான்காண்டு உறுதி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுவிட்டால், நடுவில் முழங்கால் முறிந்து ஓராண்டு படுத்துக்கிடந்தாலும் பேசிய சம்பளம் வந்துகொண்டிருக்கும். காண்ட்ராக்ட் என்பதே அங்கே பாதுகாப்பு. ஆயினும் அது முடியும் நாள் ஒன்று உண்டு. அன்று அணியின் நிர்வாகம் ஒரு வினாவுக்கு விடை சொல்லியாக வேண்டும்: இவரை மீண்டும் எடுத்துக்கொள்வதா, வழியனுப்பி வைப்பதா?

எந்த ஆட்டக்காரரைப் பற்றி எழுந்தாலும் இவ்வினா கடினமானதே. அணியின் நடு ஆட்டக்காரரை, அதாவது 'சென்டரை'ப் பற்றி எழும்போது அது ஊரையே இரண்டாகப் பிரித்துவிடும். அது ஏன் என்பதையும், எவ்வாறு கணக்கிட்டு முடிவு செய்கிறார்கள் என்பதையும், நம் நாட்டில் இதே வினா வேறு உருவில் எவ்வாறு வருகிறது என்பதையும் இக்கட்டுரையில் காண்போம். கூடைப்பந்து ஆடாத தோழியரும் பெற்றோரும் படிக்கவேண்டும் என்பதற்காக முதலில் ஆட்டத்தைச் சற்று விளக்கிவிடுகிறேன்.

கூடைப்பந்து 1891-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் பிறந்தது. அங்கிருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர், குளிர்காலத்தில் மாணவர் கூரைக்குக் கீழேயே விளையாட ஒரு வழி தேடினார். பீச் பழக் கூடைகள் இரண்டை இரு பக்கமும் மாடத்தில் அடித்து மாட்டினார். மாடம் பத்தடி உயரத்தில் இருந்தது. அதனால் கூடையும் பத்தடி உயரத்தில் நின்றது. இன்று நம் மைதானத்துக் கம்பத்திலுள்ள வளையமும் அதே பத்தடி, 3.05 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. சென்னையில் 1920-ல் ஹாரி க்ரோ பக் என்பவர் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். நம் மாநிலத்து உடற்கல்வி ஆசிரியர் பலர் அங்கே பயின்றவர்கள்.

ஓர் அணிக்கு ஐவர். பந்தைத் தட்டிக்கொண்டு வருவோர் கார்டுகள் இருவர், பக்கவாட்டில் ஓடுவோர் ஃபார்வர்டுகள் இருவர், ஒரு சென்டர். அணியிலேயே நெட்டையானவர் வளையத்துக்கு அடியில்தானே நிற்கிறார், அவரை ஏன் 'நடு' ஆட்டக்காரர் என்கிறோம் என்று பலர் கேட்பதுண்டு. 1937 வரை அமெரிக்காவில் ஒவ்வொரு முறை பந்து கூடையில் விழுந்த பின்னும் ஆட்டம் நடு வட்டத்துக்குத் திரும்பும். நடுவர் பந்தை மேலே எறிவார். இரு அணியின் நெட்டையரும் எகிறித் தட்டுவர். நெட்டையர் நம் பக்கம் இருந்தால், புள்ளி எடுத்த பிறகும் பந்து நமக்கே வரும்! இந்த அநியாயத்தை உணர்ந்து அவ்வழக்கத்தை நிறுத்தினார்கள். இப்போது ஆட்டத் தொடக்கத்தில் மட்டுமே அவ்வாறு எறிகிறார்கள். சென்டர் வளையத்தடிக்குப் போய்விட்டார். பெயர் மட்டும் நடுவிலேயே தங்கிவிட்டது.

வளையத்தில் பட்டுத் தெறிக்கும் பந்தை, அதாவது ரீபவுண்டைப் பிடிப்பது, எதிரியின் எறிதலை மறிப்பது, வளையத்துக்கு முதுகு காட்டி நின்று பந்தை வாங்கித் திரும்பிப் போடுவது, தம் கார்டு ஓட வழி கிடைக்கும்படி சுவர்போல் நிற்பது ஆகியவை அவர் வேலை. நல்ல சென்டர் ஒருவர் வந்துவிட்டால் எதிரணியால் சமாளிக்க முடிவதில்லை. ஜார்ஜ் மைக்கன் என்பவருக்காகவே 1951-ல் வளையத்தடிப் பகுதியின் அகலத்தை ஆறடியிலிருந்து பன்னிரண்டடி ஆக்கினார்கள். தாக்கும் அணியினர் மூன்று நொடிக்கு மேல் அப்பகுதியில் நிற்கக்கூடாது என்பது விதி. எனவே பகுதி அகலமானால் நெட்டையர் தள்ளி நிற்கவேண்டிவரும். பிறகு வில்ட் சேம்பர்லின் வந்தார். 1964-ல் அதைப் பதினாறடி ஆக்கினார்கள். ஒருவரை அடக்கத் தரையில் போட்ட கோட்டையே அழித்து மாற்றி வரைந்தார்கள் என்றால் அவருடைய மதிப்பை நாம் உணரலாம்.

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. பந்து தட்டுவதைச் சொல்லிக் கொடுக்கலாம், குறி பார்த்து எறிவதைச் சொல்லிக் கொடுக்கலாம். ஏழடி உயரத்தை எந்தப் பயிற்சியாளரும் சொல்லிக் கொடுக்க முடியாது. எனவே நல்ல சென்டர் போய்விட்டால் அவ்விடத்தை நிரப்புவது அரிது. மறுபுறம், அத்தனை உயரத்தையும் எடையையும் தாங்குபவை பாதமும் முழங்காலுமே. அவை தேயும். கிடைத்தற்கு அரியவர் என்பதால் விலை ஏறுகிறது. தேய்மானம் உடையவர் என்பதால் அந்த விலையைக் கொடுக்கக் கை நடுங்குகிறது. இவ்விரண்டும் ஒரே ஆளிடத்தில் சேர்ந்து நிற்கின்றன.

இனி உண்மையில் நிகழ்ந்த ஒன்றைப் பார்ப்போம். 1992-ல் ஃபுளோரிடா மாநிலத்தின் 'ஆர்லாண்டோ மேஜிக்' அணி ஷகீல் ஓநீல் என்ற இருபது வயது இளைஞரைத் தேர்ந்தெடுத்தது. உயரம் ஏழடி ஓரங்குலம், உடற்கட்டு மதிற்சுவர்போல. அதற்கு முந்தைய ஆண்டு 82 ஆட்டங்களில் 21-ல் மட்டுமே வென்றிருந்த அணி, அவர் வந்த ஆண்டில் 41-ல் வென்றது. 1995-ல் இறுதிச் சுற்று வரை சென்று, அங்கே ஹூஸ்டன் அணியிடம் நான்கு ஆட்டங்களிலும் தோற்றது. (ஹூஸ்டனுக்கு ஹக்கீம் ஒலாஜுவான் என்று அவரைவிட அனுபவம் மிக்க சென்டர் இருந்தார்.) ஆர்லாண்டோவில் ஆடிய நான்கு ஆண்டுகளிலும் ஓநீலின் சராசரி ஆட்டத்துக்கு 27 புள்ளிகள், 12 ரீபவுண்டுகள்.

1996 கோடையில் அவர் ஒப்பந்தத்திலிருந்து விடுபட்டு எந்த அணியுடனும் பேசலாம் என்ற நிலைக்கு வந்தார். வயது 24. ஆர்லாண்டோ முதலில் சொன்ன தொகை அவர் எதிர்பார்த்ததைவிட மிகவும் குறைவு. அதே கோடையில் மயாமி அணி தன் சென்டர் அலோன்சோ மோர்னிங்குக்கு ஏழாண்டுக்கு ஏறத்தாழ 10.5 கோடி டாலர் தர முன்வந்திருந்தது. 'அவருக்கே அவ்வளவு என்றால் எனக்கு?' என்று ஓநீல் நினைத்ததில் வியப்பில்லை. நிர்வாகத்தின் தயக்கத்துக்கும் காரணம் இருந்தது. முந்தைய பருவத்தில் கட்டைவிரல் காயம் உள்ளிட்ட காரணங்களால் அவர் 28 ஆட்டங்களில் ஆடவில்லை. ஃபவுல் ஆனால் கிடைக்கும் தனி எறிதலில் அவர் மிகவும் மோசம். தம் வாழ்நாளில் போட்டவற்றில் பாதியளவே உள்ளே விழுந்தன. (நம் பள்ளியில் ஆடியிருந்தால் வெயிலில் நிறுத்தி நூறு முறை போடச் சொல்லியிருப்பார்கள்.) திரைப்படம், பாட்டு என்று வேறு வேலைகளும் அவருக்கு இருந்தன. உள்ளூர்ச் செய்தித்தாள் ஒன்று, 'இவருக்கு 11.5 கோடி டாலர் தகுமா?' என்று வாசகரைக் கேட்டது. பத்தில் ஒன்பது பேருக்கு மேல் 'தகாது' என்றனர்!

அந்த ஊராரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. அவர்கள் அந்தத் தொகையைத் தம் வீட்டு வருவாயோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அன்றைய மதிப்பில் நானூறு கோடி ரூபாய் என்றால் நாமும் அப்படித்தான் சொல்லியிருப்போம். ஆனால் கேள்வியே தவறு. ஒரு மனிதருக்கு இவ்வளவு பணம் தகுமா என்பது வேறு. இவரை விட்டால் அதே பணத்தில் இவருக்கு ஈடாக யாரைக் கொண்டுவர முடியும் என்பது வேறு. முதல் கேள்விக்கு அறநூல் விடை சொல்லும். அணி நிர்வாகம் விடை சொல்லவேண்டியது இரண்டாவதற்கு.

இந்த இரண்டாம் கேள்வி புரிய, 'சம்பள உச்சவரம்பு' என்ற விதியை அறியவேண்டும். பணக்கார அணி ஒன்றே எல்லா நல்ல ஆட்டக்காரர்களையும் வாங்கிவிடக்கூடாது என்பதற்காக, ஓர் அணி மொத்தத்தில் இவ்வளவுதான் சம்பளம் தரலாம் என்று 1984-லிருந்து ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள். 1996-ல் அவ்வரம்பு ஏறத்தாழ 2.4 கோடி டாலர். ஆனால் ஒரு விலக்கு உண்டு: தன்னிடமே ஆடிக்கொண்டிருப்பவரை மீண்டும் எடுக்கும்போது அணி வரம்பைத் தாண்டிச் செலவிடலாம். பாஸ்டன் அணியின் லேரி பர்டு பெயரால் அவ்விலக்கு வழங்குகிறது. ஆக, ஓநீலை நிறுத்திக்கொள்ள ஆர்லாண்டோவுக்கு வரம்பு ஒரு தடையே இல்லை. வெளி அணிகள்தாம் இடம் ஒழிக்கவேண்டும். அதைவிட முக்கியமானது, ஓநீல் போய்விட்டால் அவருக்குக் கொடுத்திருக்கக்கூடிய தொகை முழுவதும் வேறொருவரை வாங்கும் பணமாக அணியின் கையில் வந்துவிடாது. விலக்கு அவருக்காக மட்டுமே. அவரோடு அதுவும் போய்விடும்.

லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் அணி என்ன செய்தது தெரியுமா? தன்னுடைய சென்டர் விளாடே திவாச்சை சார்லட் அணிக்கு அனுப்பிவிட்டு இடம் ஒழித்தது. நல்ல ஆட்டக்காரர்தான், பல ஆண்டு உழைத்தவர்தான், ஆனாலும் விட்டது. அவருக்கு மாற்றாகச் சார்லட்டிலிருந்து பெற்றது கோபி பிரையன்ட் என்ற பள்ளிப் படிப்பு முடித்த பதினேழு வயதுப் பையனை. பின்னர் ஏழாண்டுக்கு ஏறத்தாழ 12 கோடி டாலருக்கு ஓநீலைக் கையெழுத்திடச் செய்தது. 1996 ஜூலை 18-ல் செய்தி வெளியானபோது அவர் ஒலிம்பிக் அணியில் இருந்தார். 2000, 2001, 2002 என்று தொடர்ந்து மூன்றாண்டு லேக்கர்ஸ் வாகை சூடியது. ஆர்லாண்டோவோ அதன்பின் ஒரு சுற்றைக்கூட வெல்ல முடியாமல் 2008 வரை காத்திருந்தது. அந்த ஆண்டு வென்று கொடுத்தவரும் டுவைட் ஹோவர்டு என்ற மற்றொரு சென்டரே.

இதைப் படித்துவிட்டு, 'அப்படியானால் சென்டரை எப்போதும் விடக்கூடாது' என்று முடிவு கட்டவேண்டாம். எட்டாண்டு கழித்து, 2004-ல், அதே ஓநீலைப் பற்றி லேக்கர்ஸ் அணியிலும் அதே வினா எழுந்தது. இப்போது அவருக்கு வயது 32. பெரிய தொகைக்கு ஒப்பந்தத்தை நீட்டிக்கச் சொன்னார். கோபியுடனும் அவருக்கு ஒத்துப்போகவில்லை. நிர்வாகம் அவரை மயாமிக்கு மாற்றிவிட்டது. அடுத்த ஆண்டு லேக்கர்ஸ் இறுதிச் சுற்றுகளுக்கே தகுதி பெறவில்லை. 2006-ல் மயாமி வாகை சூடியது. பார்த்தீர்களா, விட்டது தவறு என்று எல்லாரும் பேசினர். ஆனால் 2008-ல் மயாமி 82-ல் 15 ஆட்டங்களே வென்று அடிமட்டத்துக்கு வந்தது. அந்தப் பருவத்தின் நடுவிலேயே, காயங்களால் தளர்ந்துவிட்ட ஓநீலை அது வேறு அணிக்கு அனுப்பிவிட்டது. லேக்கர்ஸோ பாவ் கசோல் என்ற புதிய நெட்டையரைப் பெற்று 2009, 2010 இரண்டாண்டும் வென்றது. மயாமிக்கு இரண்டாண்டுக் கணக்கில் வெற்றி. லேக்கர்ஸுக்கு ஆறாண்டுக் கணக்கில் வெற்றி. எத்தனை ஆண்டைக் கணக்கில் எடுக்கிறோம் என்பதைச் சொல்லாமல், எடுத்தது சரியா தவறா என்று பேசுவதில் பயனில்லை.

போய்விடுவாரோ என்ற அச்சத்தால் மட்டும் நிறுத்திக்கொள்வதும் உண்டு. ஃபீனிக்ஸ் அணி 2022-ல் செய்தது அதுவே என்பது என் கருத்து. டியாண்ட்ரே எய்ட்டன் என்ற அதன் சென்டருக்கு இண்டியானா அணி நான்காண்டுக்கு ஏறத்தாழ 13.3 கோடி டாலர் தருவதாகச் சொன்னது. இளம் ஆட்டக்காரராயின், வெளியார் சொல்லும் தொகையைத் தானும் தந்து பழைய அணி அவரைத் தக்கவைக்கலாம் என்பது விதி. ஃபீனிக்ஸ் அத்தொகையைத் தந்து தக்கவைத்தது. மறு ஆண்டே அவரைப் போர்ட்லாண்டுக்கு மாற்றிவிட்டது. போர்ட்லாண்டும் 2025-ல் மீதித் தொகையைப் பேசித் தீர்த்து அவரை விடுவித்தது.

அதே ஃபீனிக்ஸ் நகரின் பெண்கள் அணியின் கதை நம் மாணவியருக்கு இன்னும் பிடிக்கும். ஆறடி ஒன்பதங்குல உயரமுள்ள பிரிட்னி கிரைனர் 2013-லிருந்து அவ்வணியின் சென்டர். 2014-ல் கோப்பை வென்று தந்தவர். பெண்களுக்கு அங்கே சம்பளம் ஆண்களுக்குக் கிடைப்பதில் ஒரு சிறு துளியே. அதனால் பலர் ஓய்வுக் காலத்தில் அயல்நாடு சென்று ஆடுவர். கிரைனரும் ரஷ்யாவில் ஆடியவர். 2022-ல் அங்கே கைதாகிப் பத்து மாதம் சிறைப்பட்டு மீண்டார். ஃபீனிக்ஸ் அவரை வரவேற்று மீண்டும் களமிறக்கியது. 2025-ல் வயது 34, ஒப்பந்தம் முடிந்தது, அவர் அட்லாண்டாவுக்குச் சென்றார். ஊர் மக்கள் வருந்தினர். ஆனால் அந்த ஆண்டு ஃபீனிக்ஸ் அலிசா தாமஸ், சாத்து சபாலி என்ற புதியவர்களுடன் இறுதிச் சுற்று வரை முன்னேறியது. அட்லாண்டாவும் முன் எந்த ஆண்டையும்விட அதிக ஆட்டங்களை வென்றது. பிரிந்ததில் இருவருமே கெட்டுப்போகவில்லை என்பதற்கு இதைக் காட்டலாம்.

எப்படிக் கணக்கிடுவது என்று கேட்பீர்கள். புள்ளிக் குறிப்பேட்டில் நாமே செய்து பார்க்கக்கூடிய கணக்கு ஒன்றைச் சொல்கிறேன். நாற்பது நிமிட ஆட்டத்தில் நம் சென்டர் முப்பது நிமிடம் ஆடினாள் என்று கொள்வோம். அந்த முப்பது நிமிடத்தில் நாம் 36, எதிரணி 26. அவள் உட்கார்ந்திருந்த பத்து நிமிடத்தில் நாம் 6, எதிரணி 12. அவள் இருந்தால் பத்து கூடுகிறது, இல்லாவிட்டால் ஆறு குறைகிறது. அவள் ஒரு புள்ளிகூடப் போடாமல் இருந்திருக்கலாம். ரீபவுண்டைப் பிடித்துக் கொடுத்தும், எதிரியைத் தள்ளி நிறுத்தியும் இவ்வேறுபாட்டை உண்டாக்கியிருக்கலாம். யார் எத்தனை புள்ளி என்று மட்டும் எழுதும் ஏட்டில் இது தெரியாது. ஆனால் ஓர் ஆட்டத்தை வைத்து முடிவு செய்யவேண்டாம். எதிரணியும் அந்தப் பத்து நிமிடத்தில் தன் சிறந்த ஐவரை இறக்கியிருக்கலாம். பத்துப் பன்னிரண்டு ஆட்டங்களுக்கு எழுதிப் பார்த்தால் உண்மை புலப்படும். அமெரிக்க அணிகள் கணிப்பொறியைக் கொண்டு செய்வதும் அடிப்படையில் இதைத்தான். அதன்மேல் வயதையும் காயங்களையும் ஏற்றிப் பார்க்கிறார்கள். ஏனென்றால் ஏடு காட்டுவது சென்ற ஆண்டை. பணம் கொடுப்பது வரும் ஆண்டுகளுக்கு.

உயரம் ஒன்றே போதாது என்பதற்கு நம் நாட்டு எடுத்துக்காட்டே உண்டு. பஞ்சாபின் ஒரு சிற்றூரில் உழவர் வீட்டில் பிறந்த சத்னாம் சிங் ஏழடி இரண்டங்குலம். 2015-ல் டல்லாஸ் அணி அவரை 52-ஆவதாகத் தேர்ந்தெடுத்தது. இந்தியாவில் பிறந்து அவ்வாறு தேர்வு பெற்றவர் அதற்கு முன் எவருமில்லை. ஆனால் டல்லாஸின் முதல் அணிக்காக ஒரு பருவ ஆட்டங்கூட ஆட அவருக்கு வாய்ப்பு வரவில்லை. கிளை அணியில் இரண்டாண்டு பெரும்பாலும் பெஞ்சில் கழித்துவிட்டு 2017-ல் நாடு திரும்பினார். நெட்டையரும் வளைவுக்கோட்டுக்கு வெளியிலிருந்து மூன்று புள்ளி எறியவேண்டும், கார்டோடு ஓடவேண்டும் என்று ஆட்டம் மாறிக்கொண்டிருந்த காலம் அது. திரும்பிவந்து அவர் ஆடிய யூ.பி.ஏ. என்ற இந்தியப் போட்டித்தொடரும் 2017-க்குப் பின் நின்றுபோயிற்று.

நம் பெண்களில் இவ்வினாவுக்கு மிக அருகே வந்தவர் கீது அன்னா ஜோஸ். 1985-ல் கேரளத்தில் பிறந்தவர், ஆறடி இரண்டங்குலம், சங்ஙனாசேரி அஸம்ப்ஷன் கல்லூரியில் படித்தவர், இந்திய அணியின் சென்டர், கேப்டன். அவரை வேலைக்கு எடுத்தது தென்னக ரயில்வே. நாம் திருவள்ளூரிலும் கும்மிடிப்பூண்டியிலும் ஏறி மூர் மார்க்கெட் வளாகத்தில் இறங்குகிறோமே, அதே ரயில்வேதான். 2006 முதல் 2008 வரை ஆஸ்திரேலியாவின் ரிங்வுட் ஹாக்ஸ் என்னும் கழகத்துக்காகவும் ஆடினார். ஒரு முறை அழைத்து அனுப்பிவிடாமல் அக்கழகம் மீண்டும் அவரை எடுத்தது என்பதைக் கவனியுங்கள். 2011-ல் அமெரிக்கப் பெண்கள் அணிகளான சிகாகோ, லாஸ் ஏஞ்சலஸ், சான் அன்டோனியோ மூன்றும் அவரைத் தேர்வுப் பயிற்சிக்கு அழைத்தன. எந்த அணியும் ஒப்பந்தம் தரவில்லை.

அங்கே ஒப்பந்தம் கிடைக்காதவர் அடுத்த மாதம் என்ன செய்வது என்று தேடவேண்டும். கீதுவுக்கோ சென்னையில் வேலை இருந்தது. திரும்பி வந்தார், ஆடினார். 2013-ல் பாங்காக்கில் நடந்த ஆசியப் போட்டியில் இந்தியப் பெண்கள் ஐந்தாம் இடம் பெற்றபோது அவ்வணியில் இருந்தார். 2014-ல் அர்ஜுனா விருது பெற்றார். அவரோடு தென்னக ரயில்வேயில் ஆடிய சென்னைப் பெண் அனிதா பால்துரைக்கு 2021-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

நம் ஏற்பாட்டின் இயல்பு இதுதான். ரயில்வேயும், வங்கிகளும், ஐ.சி.எஃப். போன்ற தொழிற்சாலைகளும் ஆட்டக்காரரை வேலைக்கு எடுக்கின்றன. ஒப்பந்தம் முடிவதில்லை, ஓய்வு பெறும் வயது வரை அது வேலை. முப்பத்திரண்டு வயதில் முழங்கால் ஒத்துழைக்காவிட்டால் மேசைக்குப் போகலாம். மகப்பேறு விடுப்பு எடுத்துத் திரும்பி வரலாம். (அமெரிக்கப் பெண்கள் லீகில் மகப்பேற்றின்போது முழுச் சம்பளம் என்பது 2020-ல்தான் வந்தது.) 'மீண்டும் எடுக்கலாமா?' என்ற வினா இங்கே எழுவதே இல்லை. அதற்கு மாறாக, இருபது வயதுப் பெண்ணை எடுக்கும்போதே நாற்பதாண்டுக்கான முடிவை ஒரே நாளில் செய்துவிடுகிறார்கள். இதில் குறையும் உண்டு. மேசைக்குப் போனவரின் பதவி காலியாகாதவரை அடுத்த நெட்டைப் பெண்ணுக்கு இடமில்லை. சிறப்பாக ஆடும் ஆண்டில் அதற்கேற்பச் சம்பளம் பலமடங்கு உயர்வதுமில்லை. எனினும், சென்ற காலத்து உழைப்புக்கு யார் பொறுப்பு என்ற வினாவுக்கு நம் ஏற்பாடு ஒரு விடை வைத்திருக்கிறது. ஆர்லாண்டோ, ஓநீலின் 32-ஆம் எண்ணை இனி எவரும் அணியக்கூடாது என்று அரங்கின் உச்சியில் ஏற்றி மரியாதை செய்தது 2024-ல், அவர் போய் 28 ஆண்டு கழித்து.

பள்ளி அணியில் பணம் இல்லை. ஆனால் ஒவ்வொரு ஜூன் மாதமும் இவ்வினா வருகிறது. பத்தாம் வகுப்பு முடித்த நெட்டைப் பெண்ணை வேறு பள்ளிகள் கட்டணமில்லாமல் சேர்த்துக்கொள்வதாக அழைக்கின்றன. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகளில் தங்குமிடமும் உணவும் பயிற்சியும் இலவசம். அப்போது முடிவு செய்யவேண்டியவர்கள் பெற்றோர். அவர்களும் அணி நிர்வாகம்போலவே வரும் ஆண்டுகளைப் பார்க்கவேண்டும். அழைப்பு ஓராண்டுக்கா, பன்னிரண்டாம் வகுப்பு முடியும் வரைக்குமா? காலில் அடிபட்டு ஒரு பருவம் ஆட முடியாவிட்டாலும் சலுகை தொடருமா? மருத்துவச் செலவு யாருடையது? அங்கே அதே இடத்துக்கு ஏற்கெனவே ஒரு சென்டர் இருக்கிறாளா, அவளுக்குப் பின்னால் பெஞ்சில் உட்காரத்தான் நம் பெண் போகிறாளா? இவற்றைச் சேர்க்கைக்கு முன்பே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்வதில் வெட்கப்பட ஏதுமில்லை. மாவட்ட, மாநிலப் போட்டிச் சான்றிதழ்களின் அசலை அணியிடமோ பயிற்சியாளரிடமோ விட்டுவிடாமல் வீட்டில் வைத்திருங்கள். தமிழ்நாடு அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு இருக்கிறது. விண்ணப்பிக்கும் நாளில் அவர்கள் கேட்பது அந்தத் தாளைத்தான்.